இருபது எண்ணும்வரை நகராத காசு

அடியே,

காலையிலிருந்து எங்கள் பிளாக் முழுக்க எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடக்கிறது. ஆயுத பூஜை. சக்கரத்துக்கு அடியில் பிதுங்கிய பழத்தின் புளிப்பும் சூடான எஞ்சின் ஆயிலின் வாடையும் கலந்து ஜன்னல் வழியாக வருகிறது. மற்றவர்களுக்கு இன்றைக்குப் பொரிகடலை வாசனை, எனக்கு உன் வாசனை. "எம்மேல ஆயில் நாத்தம் அடிக்குதுன்னு சொல்றியா?" என்று கேட்பாய். அடித்ததுதானே? ஒன்பதாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்த மூக்கு பொய் சொல்லுமா?

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. நாலு நாள் காய்ச்சலுக்கு நீ அவ்வளவு மரியாதை கொடுத்திருக்க வேண்டாம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். இன்றைக்கு உங்கப்பா வண்டியில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உன்னை முதலில் கவனித்தது ஒன்பதாம் வகுப்பில், அந்த இயற்பியல் பாடத்தில். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தது. நான் கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டே பஸ் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கொடுத்தேன். சார் ஜன்னலைப் பார்த்தார், இரண்டு பேர் எழுந்தே போய்ப் பார்த்தார்கள். முன் பெஞ்சிலிருந்த நீ மட்டும் திரும்பாமலே சொன்னாய், "ஒரு சிலிண்டர் மிஸ் ஆவுது சார்." வகுப்பே சிரித்ததில் மாட்டிக்கொண்டது நான். வெளியே முட்டி போட்டபடி, எந்த சிலிண்டரை விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மணியடித்ததும் நீயே வந்து, "நாலாவது தடவ மூச்சு வாங்குற பாரு, அங்கதான் விடுற" என்றாய். ஊரில் யார் காதையும் குத்திவிடலாம் என்று திரிந்தவள் நான். உன் காதைக் குத்த முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. மறுநாளே உன் பக்கத்து இடத்துக்கு மாறினேன்.

அப்புறம் ஒருநாள் நூலகத்தில் கார் பத்திரிகை ஒன்றை என் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினாய். வெளிநாட்டில் வருஷா வருஷம் எஞ்சினுக்கு விருது கொடுக்கிறார்களாம். "காருக்கு இல்லடி, எஞ்சினுக்கு மட்டும்! ஒரு லிட்டர் எஞ்சின் ஜெயிச்சிருக்கு. ஒரு லிட்டர்னா எவ்ளோ? ரெண்டு பால் பாக்கெட்! மூணே சிலிண்டர்! அத வச்சிகினு பெரிய பெரிய வண்டியெல்லாம் தோக்கடிச்சிருக்கு." நூலகர் இரண்டு தடவை "உஷ்" சொன்ன பிறகும் உன் குரல் இறங்கவில்லை. வேகம்தான் பெரிசு என்று ஒருத்தர், சத்தம்தான் அழகு என்று ஒருத்தர், மைலேஜ் தராததெல்லாம் எஞ்சினா என்று இன்னொருத்தர். பத்திரிகைக்கு எழுதிய வாசகர்கள் எல்லாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ எல்லார் கடிதத்தையும் படித்துவிட்டு, "இவங்க யாருமே எஞ்சின் கிட்ட கேக்கல" என்றாய்.

நாமே ஒரு விருது கொடுத்தால் என்ன என்று கேட்டது நான்தான். ஆரம்பத்தில் எனக்கு அது வெறும் கலாட்டா. நம் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டுகிற அந்த ராட்சச சக்கர இயந்திரத்துக்கே முதல் பரிசு என்று முன்மொழிந்தேன். "அது கரன்ட்ல ஓடுதுடி மக்கு. மோட்டாருக்கெல்லாம் இங்க எடமில்ல" என்று ஒரே அடியில் தள்ளுபடி செய்தாய்.

நாள் குறித்தது நீ. டவுன்ஷிப்பில் எல்லா வண்டியும் வரிசையாக, குளிர்ந்த எஞ்சினோடு, ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் ஆகிற ஒரே நாள் ஆயுத பூஜைதான். "உங்க வூட்டுக்கு அது பூஜ. எனக்குப் பரீட்ச ஹால்." பானட்டைத் திறக்க வைக்கிற வழி மட்டும் என் மூளை. கையில் குங்குமத் தட்டோடு, "அங்கிள், எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிறோம், கொஞ்சம் தூக்குங்க" என்றால் அன்றைக்கு யார் மறுப்பார்கள்? ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற, பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து வருகிற வேதக்காரப் பெண், எங்கள் பிளாக்கில் இருபது எஞ்சினுக்குக் குங்குமம் வைத்தாள். பக்தியில் எங்கள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீ தலையைக் குனிந்தது கும்பிட இல்லை, எஞ்சினுக்குள் டேப்பெட் தட்டுகிற சத்தம் கேட்க என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் சோதனைகள் இப்போதும் எனக்கு மனப்பாடம். ஒரே செல்ஃபில் எடுக்க வேண்டும், இரண்டாவது செல்ஃப் என்றால் பாதி மார்க் போச்சு. சைலன்சர் வாயில் வெள்ளைக் கர்ச்சீப்பைப் பிடித்தால் கறுக்கக் கூடாது. ஸ்பீடு பிரேக்கர் தாண்டி மூன்றாவது கியரிலேயே முட்டாமல் இழுக்கிறதா என்று பார்க்க, நான் சைக்கிளில் முன்னால் போய் மரத்தடியில் நிற்பேன். பிறகு அந்த இரண்டு ரூபாய்க் காசு. ஓடிக்கொண்டிருக்கிற பெட்ரோல் எஞ்சின் என்றால் அதன் மேல்மூடியில் காசு விளிம்பில் நிற்க வேண்டும். டீசலுக்கு மட்டும் சலுகை. "அது படுத்தா போதும். ஆனா இருவது எண்ற வரைக்கும் நகரக் கூடாது." எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒன்று. அதற்கு எஞ்சினைப் பார்க்க மாட்டாய், ஓட்டுகிறவர் கையைப் பார்ப்பாய். அணைக்கச் சாவியைத் தொட்ட கை ஒரு நொடி நின்றால்தான் மார்க். "நல்ல எஞ்சின அணைக்க மனசு வராதுடி."

முதல் வருஷம் ஜெயித்தது எங்கள் பிளாக் நர்சம்மாவின் பழைய சின்ன பெட்ரோல் கார். காசு ஊசி மாதிரி நின்றது. நான் வரைந்த 'தங்க பிஸ்டன்' சான்றிதழை வைப்பரில் செருகிவிட்டு ஓடினோம். அடுத்த நாள் புது வண்டி மாமா, உயரமான டீசல் வண்டியை வாங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர், பிளாக் முழுக்க விசாரித்துக்கொண்டு திரிந்தார். "யாருய்யா நடுவர்? என் வண்டி நூத்தி நாப்பது குதிரை சக்தி!" நீ ரொம்ப மரியாதையாக, "ஸ்பீடு பிரேக்கர்ல அத்தினி குதிரையும் ஒரே நேரத்துல தும்முதுங்க அங்கிள். சர்வீஸ்ல காட்டுங்க" என்றாய். அவர் என்னைத்தான் முறைத்தார். ஆனால் சர்வீசுக்கு விட்டார், ஏதோ பைப் லீக்காம். அதிலிருந்து உன்னைப் பார்த்தால் அவரே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, "இப்ப எப்படிம்மா?" என்று கேட்பார்.

இரண்டாவது வருஷம் நான் செய்ததுதான் கேவலம்.

உங்கப்பாவின் வெள்ளை டீசல் கார், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றுகிற கான்ட்ராக்ட் வண்டி. கார் ஸ்டாண்டில் எல்லாருடைய வண்டியோடு அதற்கும் மாலை போட்டிருந்தது. நீ அதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. உன்னைச் சந்தோஷப்படுத்தவும் கொஞ்சம் வம்புக்கும் சேர்த்து, இன்னொரு சான்றிதழ் எழுதி அதன் வைப்பரில் செருகிவிட்டேன். மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்தால் அது மாதா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. உங்கப்பா ஸ்டாண்டு முழுக்கச் சொல்லியிருந்தார். "பாப்பா, பதினாலு வருஷமா ஓட்டிகினு இருக்கேன். இன்னிக்கித்தான் ஒருத்தன் நம்ம எஞ்சின மதிச்சிருக்கான்" என்று என்னிடமே சொன்னார்.

நீ அந்தச் சான்றிதழைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அப்புறம் நேராக அவரிடம், "யப்பா, அது நாங்க குடுக்கல. இவ வெளையாட்டு. நம்ம வண்டி ஆயில் குடிக்குது, நீல பொக வுடுது. ஜெயிக்கல" என்றாய்.

அவர் எழுந்தார். ஆணியிலிருந்து சான்றிதழைக் கழற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டு வெளியே போனார். அந்த முதுகை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒன்பது நாள் நீ என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் சைக்கிள் ஸ்டாண்டில் நானே மறித்தேன். "ஒரு பேப்பர்தானடி? அவர் சந்தோஷமாத்தானே இருந்தாரு?"

"அதான்டி. நாளைக்கி வண்டி நெஜமாவே நல்லா ஓடி, அப்ப நான் நல்லாருக்குன்னு சொன்னா அவரு நம்புவாரா?" உன் குரல் உடைந்தது. "அவரு ஜெயிக்கணும். ஆனா அது நெஜமா இருக்கணும்."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எனக்கு விளையாட்டாக இருந்தது உனக்கு வாக்கு. நர்சம்மா வண்டிக்கும் மாமா வண்டிக்கும் உங்கப்பா வண்டிக்கும் ஒரே காசு, ஒரே இருபது. இந்த வயசில் நான் பார்த்த நேர்மையான ஆள் நீதான். இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சைக்கிள் பம்பால் அடித்திருப்பாய்.

பிறகு நீயும் உங்கப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினைப் பிரித்தீர்கள். ஆயில் குடிக்கிறது நிற்க பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்றாய். நகத்தில் கறுப்போடு ஸ்கூலுக்கு வந்து, நகச்சாயம் என்று டீச்சரிடம் சொன்னாயே, நீ சொன்ன ஒரே பொய் அதுதான். அந்தப் பொய்யும் நான் சொல்லிக்கொடுத்தது. எஞ்சின் பாதி பிரிந்து கிடந்தபோது உனக்குக் காய்ச்சல் வந்தது.

மிச்சத்தை உங்கப்பா தனியாகப் பூட்டினார்.

இன்றைக்குக் காலை என்னை ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருந்தார். போகும்போதே பையில் சான்றிதழ் தயாராக இருந்தது. 'முதல் பரிசு' என்று தங்க நிறத்தில் எழுதி, நடுவர் இடத்தில் உன் பெயரைக்கூடப் போட்டுவிட்டேன். எப்படி ஓடினாலும் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். என்ன செய்ய, நான் நானேதான்.

"விருதுக்காகக் கூப்பிடல பாப்பா," என்றார். "அவ கேக்கற மாதிரி ஒருவாட்டி கேட்டு சொல்லு. ஸ்டாண்டுல எல்லாம் நல்லாருக்குன்றாங்க. எனக்காகச் சொல்றாங்களா, வண்டிக்காகச் சொல்றாங்களான்னு தெரியல."

பானட்டைத் தூக்கினார். நானே எஞ்சினுக்குக் குங்குமம் வைத்தேன். ஒரே செல்ஃப், எடுத்துக்கொண்டது. கர்ச்சீப்பைப் பிடித்தேன். வெள்ளை! லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி, அவ்வளவுதான். நீலப் புகையின் சுவடே இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் மூன்றாவது கியரில் தொண்டையைக்கூடச் செருமாமல் ஏறியது. பின் சீட்டில் நான் கத்திவிட்டேன். திரும்பி வந்து, உன் இரண்டு ரூபாய்க் காசை மேல்மூடியில் படுக்க வைத்து எண்ண ஆரம்பித்தேன்.

பதினொன்று வரை அசையவில்லை. பன்னிரண்டில் லேசாக நடுங்கியது. பதினாலில் ஓரத்துக்கு நடந்து போய், 'டிங்' என்று தரையில் விழுந்தது.

கீழே குனிந்து காசைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். பையில் தங்க எழுத்து. தூக்கிய பானட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்டியரிங்கில் உங்கப்பா. "இருவது ஆச்சா பாப்பா?" என்று கேட்டார். அவருக்கு விழுந்தது தெரியவில்லை, எஞ்சின் சத்தத்தில். ஆச்சு என்று ஒரு வார்த்தை போதும். என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான பொய் எனக்குக் கிடைத்ததே இல்லை.

எழுந்தேன். "பதினாலுல விழுந்துடுச்சுங்க. எஞ்சின் நல்லாருக்கு, ரிங்கெல்லாம் அருமை. ஆனா ஆடுது. இன்னும் ஜெயிக்கல."

அவர் இறங்கி வந்து என்னையே பார்த்தார். பிறகு பானட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீர் வந்த பிறகும் சிரித்தார்.

"எஞ்சினத் தாங்குற மவுண்ட் ரப்பர் போயிட்ச்சி பாப்பா. அவ அப்பவே சொன்னா. 'யப்பா, எல்லாம் பண்ணிட்டு மவுண்ட மாத்தாம வுட்டா காசு நிக்காது'ன்னு. நான்தான் அப்பறம் பாக்கலாம்னு தள்ளிப் போட்டுகினே இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படின்னா மத்ததெல்லாம் நீ சொன்னது நெஜம்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று உனக்குக் காட்டத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மவுண்ட் அடுத்த வாரம் மாற்றுகிறாராம். தங்க எழுத்துச் சான்றிதழ் என் இயற்பியல் நோட்டுக்குள் இருக்கிறது, தேதி போடாமல். உன் பெயர் மட்டும் அதிலேயே இருக்கட்டும். காசு என் பென்சில் பாக்சில்.

ஒன்றை விட்டுவிட்டேன். பானட்டை மூடிவிட்டு அணைக்கப் போனார். சாவியைத் தொட்ட கை அப்படியே நின்றது. ஒரு நொடி இல்லை, நான் எண்ணினேன். இருபது தாண்டியும் அந்தக் கை நகரவில்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் முழு மார்க் போட்டுவிட்டு வந்தேன்டி.