மீனோடு கிடந்த பேரிங்

நத்தார் பண்டிகைக் கேக்கில் எஞ்சின் ஒயில் மணக்கிறது. பழம் நறுக்கி, ரவை வறுத்து, முட்டை அடித்து, பாதி நாளை அதிலேயே தொலைத்துவிட்டு ஓவனைத் திறந்தால் முகத்தில் அடித்தது உங்களுடைய மணம். தங்கச்சி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "அக்கா, இது கேக்கோ, கராஜோ?" என்று கேட்டாள். பிழை கேக்கில் இல்லை. முந்தாநாள் அந்த ஓவனுக்குள் எஞ்சின் கூட்டை வைத்துச் சூடாக்கியது நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டு ஹோலில்தான் வாழ்ந்தது. பழைய இரும்பாக வந்ததை வெட்டி, ஒட்டி, பெற்றோல் தாங்கியை மாற்றி, கைபிடியைத் தாழ்த்தி, உங்கள் மனதுக்குப் பிடித்த மாதிரி ஆக்கினீர்கள். ஆனால் முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. நன்றாக ஓடத் தொடங்கியதும், இன்னும் திறமாக்கலாம் என்று திரும்பக் கழற்றிவிடுவீர்கள். முதன்முதலில் நீங்கள் கழற்றியதே பின் இருக்கையையும், சேலை கட்டியவர்கள் கால் வைக்கிற பலகையையும்தான்.

"வடிவைக் கெடுக்குதப்பா" என்றீர்கள்.

ஊரெல்லாம் திரும்பிப் பார்க்கிற மோட்டார் சைக்கிள்காரரின் மனைவி, கரவெட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் பஸ்ஸில் நெரிபட்டுப் போய்வந்தாள். "நான் எங்கை இருக்கிறது?" என்று கேட்டால், "அடுத்தமுறை கழட்டேக்கை பாப்பம்" என்பீர்கள். எத்தனையோ தடவை கழற்றினீர்கள். ஒரு தடவையும் பார்க்கவில்லை. இப்போதும் எனக்கு அதில் கோபம்தான்.

அதில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை ஒன்றே ஒன்று. பேரிங் என்கிற அந்த இரும்பு வளையத்தை எஞ்சின் கூட்டுக்குள் சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். கூடு ஓவனில் சூடாகி மயிரிழை அளவு விரிய வேண்டும். பேரிங் பிரீசரில் கிடந்து சுருங்க வேண்டும். பாரை மீன் துண்டுகளுக்கும் இறாலுக்கும் நடுவில் அது பொலித்தீனில் சுற்றியபடி கிடக்கும். நீங்கள் சாக்குத் துணியால் கூட்டைப் பிடிப்பீர்கள். சூடு ஆறுமுன் நான் பேரிங்கைப் போட வேண்டும். உங்கள் கை நடுங்கத் தொடங்கியிருந்ததால் அது என் வேலையாயிற்று.

"நேராப் பிடிச்சு விடும். அது தானாப் போகும்" என்பீர்கள்.

போகும். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அப்போது நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பீர்களே, அதற்காகத்தான் குழம்பில் ஒயில் மணத்ததை இத்தனை காலம் பொறுத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் ஓவன் சூடாகிக்கொண்டுதான் இருந்தது. நான் பிரீசரைத் திறக்கப் போனேன். "கொஞ்சம் பொறுமப்பா, நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது" என்று கதிரையில் இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி நடந்து வரவில்லை. பேரிங் பிரீசரிலேயே கிடந்தது. மீன் எடுக்கும்போதெல்லாம் அதைக் கையால் ஒதுக்கி வைத்தேன். எறியவும் மனமில்லை, போடவும் மனமில்லை. பொறும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள், நானும் பொறுத்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் நின்றால் மற்றவர்களுக்கு மீன் பழுதாகிவிடும் என்ற கவலை. எனக்கு அந்த இரும்பு வெப்பமாகிவிடும் என்ற கவலை.

களைத்துப்போனேன், இஞ்சாருங்கோ. ஹோலில் சாமான்களுக்கு இடையே பக்கவாட்டாக நடந்து நடந்து அலுத்துவிட்டது. மோட்டார் சைக்கிளை விற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்ப்பக்கத் திருநெல்வேலியிலிருந்து, வாங்கவென்று ஒரு தம்பி மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். உங்களைப் போலவே குந்தியிருந்து தடவித் தடவிப் பார்த்தான். பேரிங் இன்னும் போடவில்லை என்றேன்.

"அதை நான் கராஜிலை குடுத்துச் சுத்தியலாலை தட்டிப் போடுவிக்கிறன் அன்ரி."

"சுத்தியலோ? கூடு வெடிக்கும் தம்பி."

"அதெல்லாம் ஒண்டும் செய்யாது அன்ரி."

அவனுடைய மனைவி, அந்தப் பிள்ளை, இதற்குள் மோட்டார் சைக்கிளை ஒருதரம் சுற்றி வந்துவிட்டாள். "நான் எங்கை இருக்கிறது?" என்று அவனிடம் கேட்டாள். "அதைப் பிறகு பாப்பம்" என்றான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"பிள்ளை, பின் சீற் போடுமட்டும் இவருக்குத் தேத்தண்ணி குடாதை" என்றேன். பிறகு அவனிடம், "பேரிங்கை நானே போட்டு வைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வாரும். மிச்சத்தைக் கராஜ்காரர் பூட்டட்டும்" என்றேன்.

அப்படித்தான் முந்தாநாள் ஓவனைப் போட்டேன். தங்கச்சியைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. கூட்டைப் பிடிக்க ஆளில்லாததால் குசினியில், அடுப்படி நிலத்தில் சாக்கை விரித்து, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அசையாமல் இருத்தினேன். பொலித்தீனை உரித்தபோது விரல்கள் குளிரில் எரிந்தன. கூட்டிலிருந்து வெக்கை முகத்துக்கு வந்தது. வாசிக்கக் கண்ணாடி தேடுகிற எனக்கு, அந்தத் துளைக்கு நேரே பிடிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. கை ஒன்றையும் மறக்கவில்லை. இனி அது மறக்கப்போவதுமில்லை.

விட்டேன். போய்விட்டது.

"போயிட்டுதப்பா" என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தேன்.

எவ்வளவு சுலபமாகப் போயிற்று தெரியுமா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் இல்லாமல் அது கொஞ்சமாவது சிக்கியிருக்க வேண்டும்.