பித்தநாள எண்டோஸ்கோப்பிக்கு முந்தைய ஊசியை வாயிற்கதவுக்குள் விட வேண்டி

அனுப்புநர்:
மு. ரிஸ்வானா (பதினோராம் வகுப்பு),
த/பெ. முகம்மது சுல்தான்,
பள்ளிவாசல் தெரு, பந்தல்குடி,
அருப்புக்கோட்டை வட்டம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
தென்கரை அறக்கட்டளை மருத்துவமனை,
மதுரை.

பொருள்: நோய்த்தொற்றைத் தடுக்கும் ஊசி மருந்து, வாயிற்கதவில் நின்றுபோனது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சபுரா பீவியின் மகள் நான். பித்தநாளத்தில் தங்கிவிட்ட கல்லால் அம்மாவின் கண்கள் மஞ்சளாயின. சென்ற மாதம் எண்டோஸ்கோப்பி மூலம், கல்லைப் பிறகு எடுக்கலாமென்று, பித்தம் வடிய மட்டும் நாளத்தில் சிறு குழாய் வைத்தார்கள். இப்போது மஞ்சள் போய்விட்டது, பசி வந்துவிட்டது. எங்கள் நன்றியை முதலில் ஏற்க வேண்டுகிறேன். குறை இனிமேல்தான் வருகிறது.

2. அன்று காலை, எண்டோஸ்கோப்பிக்கு முன்பே போட வேண்டிய கிருமிக்கொல்லி ஊசி மருந்தை வெளியே வாங்கிவருமாறு நர்ஸ் சீட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கட்டில் கோகிலாம்பாள் அம்மாவும் காப்பி வாங்கிவர பிளாஸ்க் கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அதற்குள், டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கும் நேரமென்று கதவைச் சாத்திவிட்டார்கள். காவலர் பால்பாண்டி, "காப்பின்னா குடு தாயி, நானே கொண்டுபோயி குடுக்கேன். மருந்த நான் தொடக் கூடாது. ஆளுக மதியந்தான் உள்ள போகணும். போர்டுல போட்டிருக்குல்ல?" என்றார். காப்பி உள்ளே போனது. ஊசி மருந்து என்னோடு வெளியே நின்றது.

3. வார்டிலேயே ஊசி போட்டிருப்பார்கள் என எண்ணி எண்டோஸ்கோப்பியை முடித்துவிட்டார்கள். மாலையில் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. அடைப்புள்ள நாளத்தில் கருவி போகும்போது கிருமிகள் இரத்தத்தில் கலக்கக்கூடும், அதைத் தடுக்கவே அந்த ஊசி என்று டாக்டர் விளக்கினார். எங்கள் விலங்கியல் புத்தகத்தில் பித்தநாளத்துக்கு ஒரே வரிதான் இருக்கிறது. நல்லவேளை, சில நாள் மருந்து ஏற்றிக் குணமாக்கிவிட்டார்கள்.

4. பால்பாண்டி அவர்கள்மீது எனக்குப் புகார் இல்லை. நான் வெயிலில் நிற்பதைப் பார்த்துத் தன் ஸ்டூலைக் கொடுத்தவர் அவர். புகார் அந்தப் போர்டின் மீதுதான்.

5. வரும் 17ஆம் தேதி கல்லை எடுக்க அம்மாவுக்கு மீண்டும் எண்டோஸ்கோப்பி. ஆகவே, மருந்துச் சீட்டை முந்தின நாளே தரவும், தாமதமானால் நர்ஸ் ஒருவர் வாயிலுக்கே வந்து மருந்தைப் பெற்றுக்கொள்ளவும் உத்தரவிட வேண்டுகிறேன். கருவாட்டுக் குழம்பு எப்போது சாப்பிடலாம் என்று கேட்டு எழுதச் சொன்னார் அம்மா. அது மனுவில் சேராது என்று சொல்லிவிட்டேன்.

17ஆம் தேதியும் மதியம் வரை என்னை வெளியே நிறுத்தினாலும் சந்தோஷமாக நிற்பேன், ஐயா. ஊசி மருந்துக்கு மட்டும் அந்தக் காப்பிக்குக் கிடைத்த மரியாதை கிடைக்க வேண்டும்.

இடம்: பந்தல்குடி
நாள்: 10.10.1996

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
மு. ரிஸ்வானா