பந்தியில் உட்கார்ந்திருந்த அப்பா

கொப்புடையம்மன் துணை

கல்லல்
புரட்டாசி 18

அன்பு மகள் சத்தியப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவி முன்னால் இருந்தது நான், உன் தம்பி வேல்பாண்டி, அவன் பெண்டாட்டி மாரீஸ்வரி, மூணே பேர். நாலாவதாக ஒரு ஆளைப் பார்த்தோம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி என்ன எழுத. மும்பையில் மழை விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சினிமா ஆகாது, உனக்கே தெரியும். விளக்கு ஏத்திவிட்டு அடுப்படிக்குப் போனவளை மாரீஸ்வரிதான் கூப்பிட்டு, அத்தை இங்குட்டு வாங்க, இந்தப் படத்துல வாரது நம்ம நாச்சியாபுரத்துப் பக்கம் இருக்குற வீடு மாதிரியே இருக்கு என்றாள். எந்த வீடு என்று பார்க்கிற ஆசையில் வந்து நின்றேன். கல்யாணப் பந்தி, வரிசையாக இலை போட்டு அம்பது பேர் குனிந்து சாப்பிடுகிறார்கள். மூணாவது இலையில் உன் அப்பா. நிறம் மாறின பித்தானை நான் வைத்துத் தைத்த அதே வெள்ளைச் சட்டை. வேல்பாண்டி போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து நிறுத்தி நிறுத்திக் காட்டினான். ஏழு செகண்டு வாராக. மத்தவுக எல்லாம் இலையைப் பார்க்க அவுக மட்டும் நிமிர்ந்து நேராக நம்மளைப் பார்க்கிறாக. கேமராவைப் பார்க்கக் கூடாது என்று படிச்சுப் படிச்சுச் சொல்லி உட்கார வைப்பாங்களாம், இந்த ஆளு அங்கயும் சொன்ன பேச்சுக் கேக்கல பாரு என்று சிரிக்கப் போனவன் பாதியில் அழுதுவிட்டான்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போனாக என்று, நான் நாள் குறித்து வைக்கிற நோட்டைப் புரட்டினேன். போன வருசம் தை 24, ஒக்கூர் கல்யாணம், அவுக மட்டும் என்று இருக்கிறது. அன்றைக்குப் பொழுது சாய வந்ததும் வராததுமாகச் சோறு இருக்கா என்று கேட்டாக. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்து பசியா என்று நான் இடிச்சுச் சொல்ல, பந்தி சரியில்லை என்றாக. பழைய சோறு ஊத்திக் கொடுத்தேன். நீ கேமரா வேலைக்குப் போனதிலிருந்து உன் பேரையே எடுக்காத மனுசன், அது என்ன வேலை என்று பார்க்க, கல்யாணம் என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் படம் பிடிக்கிற இடத்துக்குப் போயிருக்காக. இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாகளோ என்னமோ. அம்மனிடம் அத்தனை கேட்கிறவள் இவுகளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் நீ எழுதி அனுப்பின கவிதைப் புத்தகத்தைத் தொட்டேன். சாமி படத்துக்குக் கீழே வைத்ததோடு சரி, நமக்கு எங்கே புரியப் போகிறது என்று நானே முடிவு பண்ணியிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க மூணு நாள் ஆச்சு. பதினாறாம் பக்கத்தில் நீ ஊரை விட்டுப் போன காலை இருக்கிறது.

பேருந்து கிளம்பியது
அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்
மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது

நீ எழுதினது பொய் இல்லை தாயி, நானும் பக்கத்தில்தான் நின்றேன், அவுக திரும்பவே இல்லை. அந்த மாட்டையும் வித்தாச்சு. ஆனால் இந்த ஏழு செகண்டும் பொய் இல்லை. அப்பா கடைசி வரைக்கும் என்னையப் பார்க்கலையே, இனி இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கு என்று காரியம் முடியுமுன்னே மூணாம் நாள் கிளம்பினாய். பார்த்திருக்காக, கேமராவுக்குப் பின்னால் நீ நிற்கிற இடத்தைத்தான் பார்த்திருக்காக. அன்றைக்கு அங்கே நீதான் இல்லை.

ஐப்பசி 9 அப்பாவுக்குத் தலைத்திவசம். அந்த முகத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான் உன் தம்பி. அக்கா வந்து பார்க்கட்டும், அதுவரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ணுக்கு வேலை கொடுக்கிறவள் நீ. அம்மன் உன் கண்ணைக் காப்பாற்றட்டும், போகிற இடமெல்லாம் கூட வரட்டும். வருவாயா மாட்டாயா என்று சீக்கிரம் ஒரு வரி பதில் எழுது.

உன் அம்மா
மீனம்மாள்