வாலைப் பிடித்த கிருமி

நாள் 212, காலை 06:10. வழக்கமான பதிவு

சனிக்கோளின் நிலவு என்செலடஸ், பனிக்கிணறு நிலையம். ஆள் மூன்று: தலைவர் செல்லத்துரை, பொறியாளர் பாக்கியவதி, நுண்ணுயிர் ஆய்வாளர் ஜெசிந்தாவாகிய நான். வடிகாலில் வழித்த கொழகொழப்பைச் சோதித்தேன். சோதனைக் கிட்டில் ஐந்து குழிகள், குழிக்கு ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது கிருமி பிடிக்கும் புரதம். ஒவ்வொரு வகையும் தன் கிருமியை மட்டுமே பிடிக்கும். பிடித்தால் குழி சிவக்கும். இரண்டாவது சிவந்தது. வடிகால் கிருமி, எதிர்பார்த்ததுதான். நாற்றம் இன்னும் மூக்கிலேயே நிற்கிறது.

இன்று வெள்ளி. தலைவர் தயிர்சாதம் பிசைந்து எங்கள் கையில் உருட்டிப் போடும் நாள். "ஒரே கையால தின்னா சண்ட வராது" என்பது அவர் போட்ட சட்டம். விரலிடுக்கில் சோறு பிதுங்குவதைப் பார்த்தாலே குமட்டுகிறது. இன்று அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி வேறு. வேண்டாமென்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். கண்ணை மூடி விழுங்கினேன்.

நாள் 215, 14:40. காய்ச்சல்

பாக்கியவதிக்கு உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது. தொண்டையெல்லாம் மஞ்சள் சீழ். அதைச் சோதித்தால் ஐந்து குழியும் சிவப்பு! ஐந்து கிருமியும் ஒன்றாக வராது. வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் சிவக்கவில்லை. கிட் நன்றாகத்தான் இருக்கிறது.

இருப்பது இரண்டே மருந்து. வடிகால் கிருமிக்கு நீலப் புட்டி, கொப்புளக் கிருமிக்கு வெள்ளை. தனியாகப் போட்டாலே சிறுநீரகத்தைக் கடிக்கும்; ஒன்றின்மேல் ஒன்று போட்டால் அது செத்துவிடும். ஆகவே எதுவென்று தெரியாமல் ஊசி கூடாது என்றேன்.

தலைவர், ஒலிபெருக்கியில்: "கிட்டு கெட்டுப் போச்சு, கேட்டியா. எல்லாம் அந்த வடிகா அழுக்குதான். நீலத்தப் போடு."

மறுத்தேன். ஓர் இரவு அவகாசம் கேட்டேன்.

நாள் 216, 07:05. விடை

ஆன்டிபாடி ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் கை உண்டு, பின்னால் வாலும் உண்டு. கொப்புளக் கிருமி அந்த வாலையே கவ்விக்கொள்ளும் போக்கிரி. வால் எல்லா வகைக்கும் ஒன்றுதான். ஐந்தும் சிவக்காமல் என்ன செய்யும்? பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் நொதியால் வாலை நறுக்கிவிட்டு மறுபடி சோதித்தேன். நான்காம் குழி மட்டும் சிவந்தது. கொப்புளக் கிருமி.

வெள்ளைப் புட்டியோடு ஓடினேன். நீலம் அவள் கையில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. நான் ஆய்வறையில் இருந்தபோது தலைவரே குத்தியிருக்கிறார்.

பாக்கியவதி, படுக்கை மைக்கில்: "யக்கா, ஒண்ணுக்கே வர மாட்டேங்குது. இடுப்பு கடுக்குது."

நாள் 217, 19:30.

வேறு வழியில்லாமல் வெள்ளையும் போட்டேன். சிறுநீரகம் தாங்கவில்லை. பாக்கியம் போய்விட்டாள். சரியான பதில் என் கையில் இருந்தது. த்தூ, என்ன பிழைப்பு இது!

வடிகாலில் இல்லாத கிருமி எங்கிருந்து வந்தது? பிளாஸ்திரிக்கு அடியில் என்ன என்று தலைவரைக் கேட்டேன்.

"சின்னக் கொப்புளம்மா. ஒடைஞ்சி தண்ணியா வடியுது. அதுக்கென்ன இப்ப?"

கழிப்பறைக்கு ஓடி, குடல் வெளியே வரும்வரை வாந்தியெடுத்தேன்.

நாள் 219, நேரம் பார்க்கவில்லை

என் தொண்டையிலும் மஞ்சள். வால் நறுக்கிய கிட்டில் நான்காம் குழி சிவப்பு. வெள்ளைப் புட்டி காலி.

கண்டெடுப்பவரே, வாலை நறுக்கிச் சோதியுங்கள். முதலில் அந்தக் கையை

ஒலிபெருக்கி: "வெள்ளிக்கெழம மறந்துட்டியா? பாக்கியத்துக்கும் சேத்துப் பெசஞ்சிருக்கேன். கதவத் தொற."

நான் பூட்டிய கதவைத் தன் மேலதிகாரச் சாவியால் திறக்கிறார். சோற்றுக் கிண்ணம். இன்னும் பிசைந்துகொண்டே வருகிறார்

கட்டைவிரலில் பிளாஸ்திரி இல்லை