சீன நாடகத்தின் முடிவு உனக்குப் பிடித்திருக்காது, அக்கா

என் ஆசை பவானி அக்காவுக்கு,

நீ பாதியில் விட்டுப்போன சீன நாடகத்தை நேற்றுத்தான் பார்த்து முடித்தேன். உன் கட்டில் ஓரம் இல்லாமல், வரவேற்பறையில் தனியே இருந்து பார்த்தேன்.

நோய் வருத்தத்தோடு நீ படுத்திருந்த பின்னேரங்களில் நீயும் நானும் உன் மகள் தாரணியும் பார்த்த கதை அது. புளிக்காடி வினாகிரி செய்கிற இரண்டு கம்பனிகள், பரம எதிரிகள். ஒரு கம்பனி முதலாளியம்மாவின் மகளுக்கும் மற்றக் கம்பனி முதலாளியின் மகனுக்கும் காதல். அந்தச் சீனத்து முதலாளியம்மா குரல் மாற்றிய சென்னைத் தமிழில் அதட்டும்போது நீ வலியை மறந்து சிரிப்பாய். "அவ செய்யிறது சரி. பிரிஞ்சு போய்ப் போட்டிக்கு நிக்கிறவன்ரை வீட்டிலை ஏன் பிள்ளையைக் குடுக்கவேணும்?" என்பாய். யாரை நினைத்துச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். இங்கே ஓல்டன் நகரில் உன்னோடு சேர்ந்து கல்யாணச் சாப்பாட்டுக் கடை தொடங்கி, பிறகு நம் வாடிக்கையாளரில் பாதிப் பேரோடு பிரிந்துபோய் ஆற்றுக்கு மறுகரையில் கடை போட்ட குணம் அண்ணையை.

நீ போனபின் எல்லோரும் சொன்னார்கள், கடையை அவரிடமே கொடுத்துவிடு என்று. நான் மறுத்தேன். வில் நகரில் ஒரு கல்யாணச் சமையலுக்கு நீ ஒப்புக்கொண்டிருந்தாய். அதை முதலில் செய்து முடிக்க வேண்டும் என்று நின்றேன்.

அன்று காலை குளிரறை பழுதாகி, இறைச்சி முழுவதும் கெட்டுப்போயிருந்தது. கை கால் ஓடாமல் நிற்கும்போது வாசலில் ஒரு வான் வந்து நின்றது. இறங்கியது குணம் அண்ணையின் மகன் கிரிஷன். பின்னால் இரண்டு பெட்டி ஆட்டிறைச்சி.

"அப்பாவுக்குத் தெரியுமோ தம்பி?"

"இல்லை அன்ரி. வேலை முடியட்டும், நானே போய்ச் சொல்லுறன்."

அவனை அழைத்தது யார்? உன் மகள் தாரணி தலை குனிந்தபடி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவனோடை எவ்வளவு காலமாய்ப் பழக்கம்?" என்றேன்.

"மூண்டு வருசம், சித்தி."

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அம்மா போயிட்டா." நான் அவளை அணைத்துக்கொண்டேன். கறி மட்டும் நேரத்துக்கு முடிந்தது, அக்கா; ஒரு குறையும் வரவில்லை.

நாடகத்தில் அந்தப் பெண் தாயிடம் பொய் சொன்ன நாளில், நீ திரையை விட்டுவிட்டுத் தாரணியையே பார்த்துக்கொண்டிருந்தாய். தெரிந்துதான் பார்த்தாயா?

முடிவு என்ன தெரியுமா? கல்யாண மேடையிலேயே முதலாளியம்மா கம்பனியைச் சம்பந்தியிடம் எழுதிக்கொடுத்துவிடுகிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் போன கிழமைதான் நான் குணம் அண்ணை வீட்டுக்குப் போய் வந்திருந்தேன்.

மகன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவர் தேத்தண்ணி தந்துவிட்டு, "ரெண்டு கடையையும் ஒண்டாக்குவம் சாந்தி. பவானியும் இல்லை. உம்மாலை தனிய ஏலாது" என்றார்.

"பிள்ளையளைச் சேர்ப்பம், அண்ணை. கடையைச் சேர்க்கிறேல்லை."

"பவானி இருந்திருந்தால் இதுக்குச் சம்மதிச்சிருப்பாவோ?"

"தெரியாது. இப்ப முடிவெடுக்கிறது நான். ஆனால் ஒண்டு. அக்காவின்ரை செத்தவீட்டுக்கு நீங்கள் வரேல்லை. முதல்லை வந்து அவவின்ரை படத்துக்கு முன்னாலை நில்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

வரமாட்டார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகனோடு வந்தார். உன் படத்துக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "உன்ரை கைப் பதம் எனக்கு இண்டைக்கும் வரேல்லை, பவானி." பிரிந்துபோன இத்தனை வருடத்தில் அவர் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். உனக்குக் கேட்டதா?

சித்திரையில் கல்யாணம். சாப்பாட்டைத் தன் கடையில் செய்யலாம் என்று இன்னமும் சொல்லிப் பார்க்கிறார். பெண் வீட்டார் நாங்கள், சமையல் எங்களுடையது என்று சொல்லிவிட்டேன். கிரிஷனுக்குக்கூட அன்றைக்கு அடுப்படியில் அனுமதி இல்லை. தாரணி சிரிக்கிறாள், அக்கா. நீ போனபிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கடை உன் பெயரிலேயே நடக்கும். மருமகனின் தகப்பன் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். அந்தக் கல்யாணப் பந்தியில் குணம் அண்ணை இரண்டாம் தரம் கறி கேட்டு வாங்குவார். நானே போய்ப் பரிமாறுவேன்.

இப்போது உன் இடத்தில் நின்று தானே கறிக்கு உப்புப் பார்க்கும்,
உன் தங்கச்சி சாந்தி