அத்தை போட்ட பெரிய தையல்

வெர்லின்,

நாளை அத்தையின் அடக்கத்துக்கு வருபவர்களுக்குச் சமைக்க இப்போதே சபைக்குப் போகிறேன். கோழி நூடுல்ஸ் அடுப்பில் இருக்கிறது. இன்று பதினொரு மணிக்குப் போதகர் வந்து அத்தையின் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்பார். தொண்ணூற்று நான்கு வயது, உங்களைச் சேர்த்து ஏழு பிள்ளைகள், தவறாத ஜெபம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவர் துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைகள் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்மேல் கோபம்தானே?

உண்மைதான். அவருக்குப் பார்வை மங்கிய பிறகு, சபைப் பெண்கள் சேர்ந்து தைத்த போர்வைகளில் அவருடைய கோணல் தையலை ஆறு வருடம் ரகசியமாகப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். நேற்று அதைச் சொன்னதும் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டீர்கள்.

காலையில் அத்தையின் தோழி எட்னா ரொட்டி கொண்டுவந்தார். அவரிடம் சொல்லி அழுதேன். சிரிக்கிறார்.

"உன் அத்தை அல்ட்டாவுக்கு எல்லாம் தெரியும்டி. 'மருமக எப்படியும் பிரிக்கத்தான் போறா, பாவம், அவ கண்ணு வலிக்கக் கூடாது, பெருசு பெருசாவே போட்டுடுறேன்'னு சொல்லுவா."

எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. இதையும் எழுதுங்கள்.

லோரீன்

பி.கு.: நம் கட்டிலில் கிடக்கும் நீலப் போர்வையைப் பாருங்கள். உங்கள் பக்கம் முழுக்க அத்தையின் பெரிய தையல். அதில் மட்டும் நான் கைவைக்கவே இல்லை.