பட்டம் இல்லாத பெயர்

என் ஆசை அப்பாவுக்கு,

பஸ் ஸ்டாப்பில் உங்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் நிற்கிறது. பாலக்கோடு தக்காளி மண்டியில் தோளில் துண்டோடு சிரிக்கிறீர்களே, அந்தப் படம். கீழே குடும்பத்தார் பெயர்கள். தங்கச்சிக்கு பி.எஸ்சி., பி.எட்., மாப்பிள்ளைக்கு பி.இ. என் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கிறது.

நீங்கள் போன மறுநாள் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியதும் கண்ணில் பட்டது அதுதான். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது, அப்பா. சீ, என்ன பிறவி நான்!

பேனர் அடித்தவர் பெரியப்பா மகன் மணி அண்ணன். "ஏண்ணா, என் படிப்ப மட்டும் உட்டுட்ட?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "சித்தப்பா சொன்னதுடா. தங்கச்சி கல்யாணப் பத்திரிகைலயே எம்.எஸ்.னு போட்டேன். அவருதான் எடுக்கச் சொன்னாரு. 'அவன் இன்னும் முடிக்கல மணி. பழைய டிகிரிய மட்டும் போட்டா ஏன்னு கேப்பாங்க, வெறும் பேரே இருக்கட்டும். முடிச்சிட்டு அவனே சொல்லட்டும், அப்ப போட்டுக்கலாம்'னாரு. நீ போன் பேசறப்பல்லாம் பின்னாடி பாத்திரம் உருளுற சத்தம் கேக்குதாம். 'ஆபீஸ்ல எதுக்கு மணி அவ்ளோ பாத்திரம்?'னாரு. வேற யாருக்கும் சொல்லாதன்னுட்டாரு."

பாத்திரச் சத்தம் உண்மைதான், அப்பா.

சாயங்காலம் மட்டும் என்றுதான் ஜெர்மனியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். கழுவியதில் வெட்கமில்லை. ஆள் குறைந்தால் பகலிலும் கூப்பிட்டார்கள். வேலை போய்விட்டால் வாடகைக்கு எங்கே போவது என்று பயந்து ஓடினேன். வகுப்புகள் போயின. கடைசி ஆய்வறிக்கை பாதியில் கிடக்கிறது. "எப்ப கண்ணு முடியும்?" என்று ஒருநாள் நீங்கள் கேட்டீர்கள். கையெல்லாம் சோப்பு நுரையோடு, "முடிஞ்சிருச்சுப்பா, வேலையும் கெடச்சிருச்சு" என்றேன். மறுநாள் மண்டி முழுக்க லட்டு கொடுத்தீர்களாம்.

எப்போது தெரிந்தது உங்களுக்கு? லட்டு கொடுத்த பிறகா, கொடுக்கும்போதேவா? அதற்கப்புறமும் "சாப்ட்டியா கண்ணு?" என்று மட்டும் எப்படிக் கேட்க முடிந்தது? ஒரு தடவை திட்டியிருக்கக் கூடாதா?

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "எம்பையன் படிச்சு முடிச்சிட்டாங்க. அத பாத்துட்டுத்தாங்க அவரு போனாரு" என்று சொல்லி அழுகிறாள். நான் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். துக்கத்தில் குனிந்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நெஞ்சு கூசுகிறது.

அறிக்கையை முடிக்க அவகாசம் தருவதாகப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். திரும்பிப் போகப்போகிறேன். இனி பகல் வேலைக்குக் கூப்பிட்டால் முடியாது என்பேன்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மா அடுப்படியில் காபி போடுகிறாள். பாத்திரச் சத்தம் இங்கே கேட்கிறது. இதை எழுதி முடித்ததும் எழுந்துபோய் அவளிடம் என் வாயால் சொல்வேன். அழுதாலும் சரி, விளக்குமாற்றைத் தூக்கினாலும் சரி, நின்று வாங்கிக்கொள்வேன். அடுத்த வருஷம் உங்கள் நினைவு நாள் பேனருக்கு மணி அண்ணன் கேட்கும்போது, எது உண்மையோ அதைத்தான் போடச் சொல்வேன். உங்கள்மேல் சத்தியம், அப்பா.

இப்போதைக்கு வெறும் பேரோடு,
உங்கள் மகன்
சக்திவேல்